உள்ளான்

"1933 டிசம்பர். நீர்த்தேக்கக் கரை. கடும் மூடுபனி. ஓர் உள்ளான்." என் பறவைக் குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

உள்ளான் என்பது சேற்றில் இரை பொறுக்கும் சிறு பறவை. அதைப் பார்க்கத்தான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து விடியுமுன் புறப்பட்டேன். வாய் ஓயாத என் மைத்துனரும் ஒட்டிக்கொண்டார். கரைக்கு வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை.

"மச்சான், குருவி பாக்க இவ்ளோ தூரமா? பாசார்ல கோழி பாத்தா கறியாவது கிடைக்கும் லா."

பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒருவழியாகப் பனி சற்று விலகி, சேற்றோரம் ஒரு நீண்ட அலகு தெரிந்தது.

"உள்ளான்!" என்று கிசுகிசுத்தேன்.

"உள்ள ஆளா?" என்று அலறினார் மைத்துனர். "யோவ், யாருய்யா உள்ள?"

பறவை பறந்துவிட்டது. அவரைத் தண்ணீரில் தள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு. அப்போது பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"நான்தாண்ணே! சேத்துல மாட்டிக்கிட்டேன்!"

மாட்டுக்குப் புல் அறுக்க வந்தவர், இடுப்பளவு புதைந்திருந்தார். கத்திக் கத்தி ஓய்ந்து, இனி யாரும் வரமாட்டார்கள் என்று விட்டுவிட்டாராம். மைத்துனர் தம் வேட்டியை அவிழ்த்து வீசினார். இருவருமாக இழுத்துக் கரையேற்றினோம்.

"இந்தப் பனியில எப்படிண்ணே என்னைக் கண்டீங்க?" என்று அவர் அழுதார்.

"மச்சான் கண்ணு அப்படி!" என்றார் மைத்துனர், கோவணத்தோடு நின்றபடி.

மறுக்க வாயெடுத்தேன், அதற்குள் அவர் அடுத்த கதையைத் தொடங்கிவிட்டார். நான் ஆசைப்பட்ட அமைதி அன்று கிடைத்திருந்தால், பறவையை நன்றாகப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். அந்த மனிதர் திரும்பியிருக்கமாட்டார்.

அது எந்த வகை உள்ளான் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.