வெல்மா கொடுத்த வாக்கு

எங்கள் ஊரில் வீட்டுக்கொல்லையில் கோழி வளர்க்க அனுமதி வாங்கித் தந்தவள் வெல்மா நைகார்ட். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. தட்டில் மிச்சம் வைத்த எந்தப் பிள்ளையும் அவளிடம் தப்பியதில்லை. ஓய்வு பெற்றதும் நகர கவுன்சில்காரர்களின் உயிரை வாங்க ஆரம்பித்தாள். கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். இரண்டு வருஷம், ஒரு கூட்டம் விடாமல், அந்த மூன்று நிமிடத்தையும் கோழிக்கே செலவழித்தாள்.

விடாமல் எதிர்த்தவர் அவளுடைய பக்கத்து வீட்டு ஆர்லோ. "விடியக்காலைல சேவல் கத்துனா எவன் தூங்குறது?" என்றார்.

வெல்மா மைக்கைப் பிடித்தாள். "சேவலே வேண்டாம். வீட்டுக்கு ஆறு பெட்டை, அவ்வளவுதான். அப்படியே சட்டத்துல எழுதிக்குங்க. நான் பொறுப்பு."

ஒரே ஒரு ஓட்டில் சட்டம் நிறைவேறியது.

அந்த வசந்தத்திலேயே தீவனக் கடைக்குப் போய், பெட்டை என்று சத்தியம் செய்து விற்ற ஆறு குஞ்சுகளை வாங்கி வந்தாள். அதில் மேபெல்தான் செல்லம். பெயரைச் சொன்னால் போதும், தோட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் விழுந்தடித்து ஓடி வரும். மற்ற ஐந்துக்கும் அந்தப் பாசமெல்லாம் கிடையாது, தீனி போட்டால் வரும். ஆகஸ்டில் ஒரு காலை, மேபெல் கழுத்தை நீட்டிக் கூவியது. எதிர்வீட்டில் நான் காபியை மேலே கொட்டிக்கொண்டேன்.

யாராவது புகார் கொடுத்தால்தான் நகராட்சி வரும். நாங்கள் யாரும் கொடுப்பதாக இல்லை. ஆர்லோவே வேலியோரம் வந்து, "காது மிஷினைக் கழட்டிட்டா எனக்கு இடி விழுந்தாலும் கேக்காது. நீ வச்சுக்க வெல்மா," என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படியொரு பேச்சு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் நகராட்சி வண்டி அவள் வீட்டு முன்னால் வந்து நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்தப் புண்ணியவான் போன் பண்ணினது?" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

வந்த அலுவலர் டாரன் சங்கடத்தோடு தாளைப் பார்த்தார். "புகார் கொடுத்தவங்க பேரும் வெல்மா நைகார்ட்னுதாங்க இருக்கு."

வெல்மா மேபெலை அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் இடம் பேசி வைத்திருந்தாள். என்ன தீனி பிடிக்கும், எங்கே தடவினால் தூங்கும் என்று ஒரு தாள் நிறைய எழுதியும் வைத்திருந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் ஆர்லோ. "இந்தத் தெருவுல ஒருத்தரும் புகார் பண்ணியிருக்க மாட்டோமே!"

"தெரியும். அதனாலதான் நானே பண்ண வேண்டியதாப் போச்சு."

டாரன் கூண்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை. வண்டியின் முன்சீட்டில் ஏறி, மேபெலை மடியில் வைத்து, இருவருக்குமாக பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"மெதுவா ஓட்டுப்பா," என்றாள். எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.