போர்டில் நான் வரைந்த நான்கு போல்ட் படம்

1. நோட்டீஸ் போர்டு

பரீட்சை ஹால்களைக் கண்காணிக்கும் சீஃப் இன்விஜிலேட்டர் என்ற இடத்தில் மெர்ஸியின் பெயரைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிபன் டப்பாவைத் திறக்காமலே ராபர்ட்சன்பேட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். வீட்டில் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். பொய்யில்லை, எரிந்துகொண்டுதான் இருந்தது.

நான் இருபத்திரண்டு வருடம் விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் டெக்னீஷியனாக இருந்தவன். ரிட்டயர் ஆனபின் பெங்களூரில் ஒரு விமானப் பராமரிப்புப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அதே பள்ளியில் வேலை செய்யும் மெர்ஸி எங்கள் பக்கத்து ஆண்டர்சன்பேட்டைக்காரர். இங்கே வருவதற்கு முன் ஒரு ஸ்கூல் ஆபீசில் கிளார்க். விமானத்தில் சக்கரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கீழே என்று சொல்வார், அவ்வளவுதான். இருவரும் ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். அவர் மாரிகுப்பத்தில் ஏறி, ஜன்னல் பக்கம் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பார். நான் பிறகு வரும் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுவேன்.

2. என் முகம்

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பரீட்சை ஹாலில் நிற்க முதலில் பயிற்சி, பிறகு எழுத்துத் தேர்வு, பிறகு ஒருவர் பின்னால் நின்று கவனிக்க ஒரு முழுப் பரீட்சையை நடத்திக் காட்ட வேண்டும். இன்ஸ்ட்ரக்‌ஷன் ஷீட்டை எழுத்துக்கு எழுத்து வாசிக்க வேண்டும். கேள்வித்தாள் பாக்கெட்டின் சீலை இரண்டு மாணவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின்தான் உடைக்க வேண்டும். கேள்விக்கு விளக்கம் சொல்லவே கூடாது. எது நடந்தாலும் நேரத்தோடு இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்.

எழுத்துத் தேர்வில் எனக்கு முழு மார்க். நடத்திக் காட்டியபோதுதான் மாட்டினேன். ஒரு பையன் தப்பான விடையைக் குறித்ததைப் பார்த்து என்னையறியாமல் "ச்சு" கொட்டிவிட்டேன். அவன் உடனே ரப்பரை எடுத்தான்.

எங்கள் குவாலிட்டி மேனேஜர் ஹெக்டே மங்களூர்ப் பக்கத்து மனிதர். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார். "ஏன்ரீ தனபால், உங்க முகத்துலயே ஆன்சர் கீ ஒட்டி வெச்சிருக்கீங்க! மெர்ஸி மேடத்தைப் பாருங்க, சுவரு மாதிரி நிக்கறாங்க."

விஷயம் தெரியாதவர் முகத்தில் என்ன தெரியப்போகிறது? எனக்கு ஹாலில் நிற்க அனுமதி மட்டும், அவருக்குப் பதவியா? அந்த மாதம் முழுவதும் ரயிலில் அவர் பிடித்துவைத்த இடத்தில் உட்கார்ந்தபடி இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

3. முப்பத்தோராவது கேள்வி

அடுத்து வந்தது ஒரு பாடப்பகுதிக்கான மாட்யூல் பரீட்சை, இரண்டு ஹால். ஒன்றாம் ஹாலில் மெர்ஸி, இரண்டாம் ஹாலில் நான். ஹாலுக்கு இருபத்துநான்கு பேர். கேள்வித்தாள் பீரோவின் சாவி மெர்ஸியிடம்.

முப்பத்தோராவது கேள்வியில் நான்கு படம். ஒவ்வொன்றிலும் இரண்டு போல்ட்டை லாக் வயர் என்ற முறுக்குக் கம்பியால் கட்டியிருக்கும். போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை இறுக்கும் பக்கம் இழுக்க வேண்டும். எந்தப் படம் சரி என்பது கேள்வி. ஆனால் ஜெராக்ஸில் படம் கருகிப்போயிருந்தது.

"சார், படம் ஒண்ணும் தெரியல" என்றான் ஒருவன்.

"இருக்கிறதை வைத்து எழுது" என்று சொல்லிவிட்டு ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும். எனக்கோ பக்கத்து ஹால்தான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் கேட்டிருப்பார்கள், மெர்ஸி முழித்துக்கொண்டு நின்றிருப்பார். என்னால் முடியும், அவரால் முடியாது. மார்க்கரை எடுத்துப் போர்டில் நான்கு படத்தையும் வரைந்தேன். மூன்று சுமாராக வந்தன. சரியான ஒன்றைக் கை பழக்கத்தில் முறுக்கு முறுக்காக அழகாகப் போட்டுவிட்டது. அதுதான் விடை என்று படமே காட்டிக்கொடுப்பதை வரைந்து முடித்தபிறகுதான் கவனித்தேன். சட்டென்று அழித்தேன். ரிப்போர்ட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்ற பொருளில் 'நில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

4. ரயிலில் இரண்டு நாள்

என் ஹாலில் இருபத்துநான்கு பேருக்கும் அந்தக் கேள்வி சரி. மெர்ஸியின் ஹாலில் ஐந்து பேருக்குத்தான் சரி. கேள்வித்தாள் முன்பே வெளியே போயிருக்கிறது, என் ஹால் பையன்களுக்கு யாரோ காட்டியிருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. சாவி யாரிடம்? மெர்ஸியிடம். பையன்கள் வாய் திறக்கவில்லை. கிடைத்த மார்க்கை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பட்டேன்.

மறுநாள் ரயிலில் மெர்ஸி கேட்டார். "தனபாலண்ணா, உங்க ஹால்ல படம் தெரியலைன்னு யாரும் கேக்கலியா?"

"இல்லம்மா."

"என் ஹால்ல ரெண்டு பேரு கேட்டாங்க. டைம் போட்டு எழுதி வெச்சிட்டேன். சாவிய நான் யாருக்கும் குடுக்கலண்ணா. வேலை போச்சின்னா கூட பரவால்ல, திருடின்னு பேரு வந்துடும்போல கீது. நீங்களாவது நம்புறீங்களா?"

"நம்புறேம்மா" என்றேன். அதற்கடுத்த நாளும் அதே பக்கத்து இடம். அன்றும் அவர்தான் பிடித்து வைத்திருந்தார்.

5. ஹெக்டே கேட்ட கேள்வி

மூன்றாம் நாள் ஹெக்டே கூப்பிட்டார். மேஜையில் இரண்டு ஹால் ரிப்போர்ட்டும் இருந்தன.

"உங்க ரிப்போர்ட்டு கிளீன். மேடம்தான் ஏதாவது எழுதிட்டே இருக்காங்க. இன்னிக்கு கமிட்டிக்கு நான் பதில் சொல்லணும். அவங்க உங்க கையில பாக்கெட் குடுத்தப்போ சீல் முழுசா இருந்துச்சா? டவுட்டு இருந்தா டவுட்டுன்னே எழுதுங்க, போதும். அப்புறம் சாவிய நீங்க வெச்சுக்கலாம்."

பேனாவையும் நீட்டினார். நான் ஆசைப்பட்ட பதவி ஒரே ஒரு வார்த்தை தூரத்தில் இருந்தது. சீல் முழுசாகத்தான் இருந்தது. இரண்டு பையன்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள், மூன்றாவதாகப் பார்த்தவன் நான். வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடிந்தது. இதை எழுத முடியவில்லை.

"சீல் சரியா இருந்துச்சு சார்."

"அப்போ இருபத்துநாலு பேருக்கு எப்படி?"

"நான்தான் சார் போர்டுல படம் போட்டேன்."

அவர் நீட்டிய பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "தப்பு யாருக்கும் வரும். அன்னிக்கே ஏன் எழுதல?"

"எழுதினா மெர்ஸியோட ரிப்போர்ட்டு முன்னாடி என்னுது கேவலமா தெரியும்னுதான் சார்."

6. மிச்சம்

அந்தக் கேள்வியை இரண்டு ஹாலுக்கும் எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு மார்க்கில் என் ஹாலில் இருவர் ஃபெயில். அவர்கள் இன்னும் எனக்கு வணக்கம் வைப்பதில்லை. ஹாலில் நிற்க எனக்கிருந்த அனுமதி ஆறு மாதத்துக்கு ரத்தானது. மறுபடி பயிற்சிக்கு உட்கார வேண்டும், வகுப்பு எடுப்பவர் மெர்ஸி.

அன்று மாலை ரயிலில் அவர் எனக்கு இடம் பிடிக்கவில்லை. நானே தேடிப் போய் அவர் எதிரில் நின்று, தப்பு என்னுடையதுதான் என்றேன்.

"ஹெக்டே சார் சொன்னாரு" என்றார். பங்காருப்பேட்டை வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். "படம் போட்டதுக்கு எனக்குக் கோவம் இல்லண்ணா. ரெண்டு நாளு என் பக்கத்துலயே குந்தினு வந்தீங்களே."

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஹாலில் தப்பு செய்தால் அந்த நிமிடமே நேரத்தோடு எழுதிவிடுங்கள். பக்கத்து ஹாலில் நிற்பவரைப் பார்த்து எரிகிறவர்கள் முதலில் எழுதுங்கள். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. முன்பு அவர் பதவியைப் பார்த்து எரிந்தேன். இப்போது, அந்த இரண்டு நாளும் ஒளிக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து வந்தாரே, அதற்கு எரிகிறேன்.