பாதி அழுத்தம்

நாற்பத்து நான்கு வயதுவரை பட்டம்மாள் கேமரா என்று ஒன்றைக் கையில் பிடித்ததில்லை. போனில் எடுத்திருக்கிறாள். அதை யார்தான் எடுக்கவில்லை? மகளைக் கும்மிடிப்பூண்டியில் கட்டிக்கொடுத்த பிறகு எர்ணாவூர் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் அவளும் புருஷன் வல்லரசும் மட்டும்தான். விடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேடு போய், இறால் உரிக்கும் கொட்டகையில் குந்தினால் பொழுது சாயும்வரை ஐஸ் தண்ணீரில் விரல் ஊறும். நாளடைவில் விரல் நுனி வெளுத்து, ரேகை தேய்ந்து, ரேஷன் கடை மெஷினே அவளை அடையாளம் கண்டுகொள்ள மறுத்துவிட்டது.

கொட்டகையில் அவளுக்குப் பக்கத்து இடம் ரஹீமுன்னிசாவுடையது. தண்டையார்பேட்டைக்காரி, பட்டம்மாளைவிட ஆறேழு வயது மூத்தவள். அவள்தான் சேதி கொண்டுவந்தாள்.

"ராயபுரத்துல பொம்பளைங்களுக்குப் படம் புடிக்க கத்துத் தராங்களாம்டி. ஞாயித்துக்கெழமை மட்டும். கேமராவ வூட்டுக்கே குடுத்து அனுப்புறாங்களாம். டீ, பன்னு வேற கீது. சொம்மா வா, குந்திட்டு வரலாம்."

நகரத்தின் தெற்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கலை அமைப்பு அது. பன்னிரண்டு பெண்களுக்கு ஆளுக்கொரு பழைய பிலிம் கேமரா கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் கருப்புப் பெட்டி. மூடியைத் தள்ளினால் லென்ஸ் கண் திறக்கும். பார்த்து, அமுக்க வேண்டியதுதான். போன் இருக்கிற காலத்தில் இது எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, அமைப்பை நடத்துகிற மதி மேடம் சிரித்தபடி சொன்னார்: "போன்ல ஆயிரம் எடுத்துத் தள்ளுறோம். மொத்தமே முப்பத்தாறுதான்னா, யோசிச்சு எடுப்பீங்க இல்லையா?"

"நமக்கு எல்லாத்தையும் அளந்துதான் குடுக்குறாங்க," என்று ரஹீமுன்னிசா பட்டம்மாள் காதில் முணுமுணுத்தாள்.

சொல்லிக்கொடுத்தது நவ்ரீன் என்ற பெண். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்து, கல்லூரியில் படம் பிடிக்கப் படித்து, அந்த அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தவள். மதி மேடம் எதிரே அச்சடித்த தமிழ் பேசுவாள், அவர் நகர்ந்ததும் "இன்னாக்கா, புரிஞ்சிச்சா?" என்பாள்.

முதல் வாரம் பிலிம் மாட்டக் கற்றார்கள். பின்கதவைத் திறந்து, உருளையை இடப்பக்கம் வைத்து, பிலிமின் நாக்கை இழுத்து வலப்பக்கச் சிவப்புக் கோடுவரை கொண்டுவர வேண்டும். பிலிம் ஓரத்து ஓட்டைகள் பல்சக்கரத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று தடவிப் பார்க்கச் சொன்னாள் நவ்ரீன். பட்டம்மாள் தடவினாள். அவள் விரலுக்கு ஓட்டையும் தெரியவில்லை, பல்லும் தெரியவில்லை. உட்கார்ந்திருக்கும் என்று நம்பி மூடினாள்.

அந்த வாரம் முழுக்கப் படம் எடுத்தாள். கேமராவின் மேலே சின்னக் கண்ணாடிக் கட்டத்தில் ஓர் ஆங்கில எழுத்து மின்னிக்கொண்டே இருந்தது. எட்டாவது வரை படித்தவளுக்கு 'ஈ' என்று வாசிக்கத் தெரிந்தது. எண்ணூருக்கு ஈ போட்டிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நவ்ரீன் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "அக்கா, அது காலின்னு அர்த்தம். பிலிம் சுத்தவே இல்ல. ஒண்ணுகூட விழல."

எல்லாரும் சிரித்தார்கள். பட்டம்மாளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்தபின் அடுப்பு முன்னால் நின்று கொஞ்சம் அழுதாள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் நினைவில் இருந்தன. முகத்துவாரத்தில் கவிழ்த்துப் போட்ட படகு, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே காய்ந்த புடவை, கொட்டகை வாசலில் செருப்புக் குவியல். அத்தனையும் அவள் கண்ணோடு போய்விட்டன.

இரண்டாவது உருளையில் கண்ணை மூடிக்கொண்டு நெருடிப் பழகினாள். ஓட்டை நகத்தில் சிக்குவதை உணர முடிந்தது. மூடியதும் கேமரா கர்ரென்று இழுத்தது. கட்டத்தில் 'ஒன்று' வந்து நின்றபோது மகளைப் பெற்றெடுத்த நாள்போல இருந்தது என்று மறுநாள் ரஹீமுன்னிசாவிடம் சொன்னாள்.

அந்த உருளை கழுவி வரப் பத்து நாள் ஆயிற்று. பாதிப் படங்களில் அவள் விரல் குறுக்கே நின்றது. மீதியில் ஒரு வேடிக்கை: ரஹீமுன்னிசாவையும் இன்னொருத்தியையும் ஜோடியாக நிற்கவைத்து எடுத்ததில் இருவர் முகமும் கலங்கிக் கிடக்க, பின்னால் சுவரின் காரை மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

"கேமரா நடுவுலதான் பாக்கும்க்கா," என்று நவ்ரீன் விளக்கினாள். "நடுவுல சந்து இருந்தா சந்து வழியா செவுத்தப் பாக்கும். உங்களுக்கு எது தெளிவா வேணுமோ அத்த மொதல்ல நடுவுல வெச்சி பட்டன பாதி அமுக்குங்க. பச்ச வெளக்கு நிக்கும். அமுக்கினது அமுக்கினபடியே நகத்தி, அப்பால முழுசா அமுக்குங்க. ஒன்றரை மொழத்துக்கும் கிட்ட போனா வெளக்கு கண்ணடிக்கும், அப்ப எடுக்காதீங்க."

பாதி அழுத்தம். அதுதான் பட்டம்மாளைப் பிடித்துக்கொண்டது. எது தெளியணும், எது கலங்கணும் என்று இவள் முடிவு செய்யலாம். கொட்டகையில் மேஸ்திரி சொல்வார், வீட்டில் வல்லரசு சொல்வான், தெருவில் தண்ணீர் லாரிக்காரன் சொல்வான். இந்தப் பொத்தானிடம் மட்டும் இவள் சொல் எடுபட்டது. பஸ்ஸில், வரிசையில், கேமரா இல்லாதபோதும் ஆட்காட்டி விரலைப் பாதி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வல்லரசு ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ட்ரெய்லர் லாரிமேல் இறக்கும் கன்டெய்னரின் மூலைகளில் பூட்டு மாட்டுவது அவன் வேலை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கையை எடுப்பதற்குள் கன்டெய்னர் ஆடி இறங்கிவிட்டது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் போயின. கான்ட்ராக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினான். தனியார் மருத்துவமனையில் சேர்த்தான். வீட்டில் இரும்புக் கதவு இடுக்கில் மாட்டியதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். "வாய மூடிகினு இரு, உன்ன கைவிட மாட்டேன்," என்றான். சொன்னபடி யார்டு வாசலில் உட்கார்ந்து வண்டி எண் குறிக்கும் வேலை கொடுத்தான். வல்லரசு இடது கையால் எழுதப் பழகினான். வலது கை எப்போதும் பேன்ட் பாக்கெட்டில், இல்லாவிட்டால் துண்டுக்கு உள்ளே. கல்யாண வீட்டில்கூட இடது கையாலேயே கும்பிட்டுவிட்டு வருவான்.

கட்டுப் பிரித்த நாளிலிருந்து பட்டம்மாளிடமும் அந்தக் கையைக் காட்டியதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஐந்தாவது வாரம், ஒரு காலைப் பொழுது. வல்லரசு ஜன்னலோரம் தரையில் முழங்காலைக் குத்திட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அசதியோ என்னவோ, கிளாஸ் வலது கையில் இருந்தது. மூன்று விரல்கள் அதை நண்டு பிடிப்பதுபோலப் பிடித்திருந்தன. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது.

"யோவ், ஒண்ணு எடுத்துக்கட்டா?"

"என் மூஞ்சியவா? பிலிமுக்குப் புடிச்ச கேடு. எடுத்துக்கோமே."

அவள் எதிரே உட்கார்ந்து பிளாஷை அணைத்தாள். சின்னத் துளையில் கண்ணை வைத்தாள். முதலில் முகத்தைப் பார்த்தாள். பிறகு நடுக்குறியைக் கீழே இறக்கினாள், முழங்கால்மேல் இருந்த கைக்கு. தையல் போட்ட தடம், வழவழப்பான இளஞ்சிவப்புத் தோல், நகமில்லாத இரண்டு முனைகள். அந்தக் கையை அவள் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். பாதி அமுக்கினாள். பச்சை விளக்கு நின்றது. அப்படியே மேலே நகர்த்தி முகத்தை ஓரத்தில் சேர்த்துக்கொண்டு முழுதாக அமுக்கினாள்.

"எட்த்துட்டியா?"

"ஆச்சுய்யா."

கழுவி வந்த படத்தை நவ்ரீன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் மதி மேடத்திடம் காட்டினாள். கண்காட்சிக்கு அதைத்தான் பெரிதாகப் போடப்போகிறோம் என்றார் மேடம். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு படிவத்தில் பட்டம்மாள் கையெழுத்துப் போட்டாள். படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டு நவ்ரீன் போனைப் பதிவில் போட்டபோது, யார்டில் விரல் போனதை உள்ளபடி சொன்னாள்.

"அவரு பேரு மட்டும் போடாத பாப்பா."

"போட மாட்டேங்க்கா."

வல்லரசிடம் அவள் சொல்லவில்லை. சொல்லலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அமைப்பிலும் யாரும் அவனைக் கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

கண்காட்சிக்கு வேன் வந்து அழைத்துப் போனது. ஏசி ஓடும் வெள்ளை மண்டபம். நுழைந்ததும் எதிர்ச் சுவரில் வல்லரசின் கை. கதவு உயரத்துக்கு. கிளாஸில் ஒட்டிய டீ நுரைகூடத் தெரிந்தது. பின்னால் முகம் மூடுபனியில் நிற்பதுபோல. பட்டம்மாள் நகரவில்லை. தாடி வைத்த ஒருவர் வந்து, "இது தானா அமைஞ்சதாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். கைமேல வெச்சி பாதி அமுக்குனேன். அப்பால மூஞ்சிக்கு நகத்துனேன்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வாழ்க்கையில் அவளுக்காக யாரும் கைதட்டியதில்லை. காது சுட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நான்காம் நாள் ஒரு நாளிதழில் அந்தப் படம் வந்தது. கீழே எழுதியிருந்ததில் வல்லரசின் பெயர் இல்லை. பட்டம்மாள், எர்ணாவூர், கணவர் கன்டெய்னர் யார்டில் விரல் இழந்தவர் என்று இருந்தது. எர்ணாவூரில் பட்டம்மாளைக் கட்டிக்கொண்டு, யார்டு வேலைக்குப் போய், இரண்டு விரல் இல்லாமல் இருக்கிற ஆள் எத்தனை பேர்? மதியத்துக்குள் கான்ட்ராக்டர் போனுக்கு அது போய்ச் சேர்ந்தது.

பட்டம்மாள் கொட்டகையிலிருந்து வீடு திரும்பியபோது வல்லரசு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் மடியில் இருந்தன. வலது கையை ஒளிக்கவில்லை.

"நாளைலேருந்து வராதன்னுட்டான். என்னெ பாத்து ஊரே சிரிக்கிதுமே. யார்டுல ஒருத்தன் போன தூக்கிக் காட்டி, உன் பொஞ்சாதி உன் கைய ஏலத்துல விட்டுட்டாளான்னு கேக்குறான்."

அவள் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"என் மூஞ்சியத்தான எடுக்குறன்னு நெனச்சேன். தெரியாம கையில பட்டுச்சா? இல்ல, தெரிஞ்சே எட்த்தியா?"

தெரியாமல் என்று சொல்லியிருக்கலாம். பழைய பெட்டி, நடுவில் பார்க்கும், நானா அறிந்தேன் என்று சொன்னால் அவன் நம்பியிருப்பான். நம்பவே காத்திருந்தான் என்பது அவன் கண்ணில் தெரிந்தது. பட்டம்மாளுக்கு வாயில் அந்தப் பொய் வரவில்லை. அவள் கற்றுக்கொண்டது அந்தப் பாதி அழுத்தம் ஒன்றுதான்.

"தெரிஞ்சிதான்யா எட்த்தேன்."

அவன் எழுந்து துண்டை எடுத்துக் கையைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான். அன்றோடு சரி. அடிக்கவில்லை, கத்தவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டான்.

நவ்ரீன் ஒரு வாரம் கழித்து வந்தாள். படியிலேயே உட்கார்ந்து அழுதாள். வக்கீலிடம் பேசுவதாக மேடம் சொன்னார் என்றாள். பிறகு வரவில்லை. போன் அடித்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று செய்தி வந்தது. இரண்டு மாதம் போனபின் ஒரு பையோடு திரும்பவும் வந்து, தரையைப் பார்த்தபடி கேட்டாள்:

"அக்கா, அடுத்த பேட்ச் ஆரம்பிக்கிறாங்க. கேமரா கணக்குல இருக்குன்னு..."

உள்ளே பதினொரு படம் எடுத்த உருளை இருந்தது. பட்டம்மாள் அதைக் கழற்றவில்லை. எடுத்தபடியே கொடுத்தாள்.

"நான் இத்த கழுவி அனுப்புறேங்க்கா."

"உன் இஷ்டம் பாப்பா."

அது வரவே இல்லை.

திருவொற்றியூரில் யூனியன் ஆபீசில் இருக்கும் அம்புரோஸ் என்பவரைப் பற்றி ரஹீமுன்னிசாதான் விசாரித்துச் சொன்னாள். பட்டம்மாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள். கான்ட்ராக்டர் கையெழுத்து வாங்கிய கதையைக் கேட்டுவிட்டு, படம் வந்த பேப்பரை அவர் ஆற அமரப் பார்த்தார். "கதவு இடுக்குல மாட்டுன கை இப்படி இருக்காதும்மா. எந்த டாக்டரும் சொல்லுவாரு. கேசு நிக்கும். அவர வரச் சொல்லுங்க, நான் பாத்துக்குறேன்."

அந்தச் சேதியை அவள் வீட்டில் சுவரைப் பார்த்துச் சொன்னாள். மாதக்கணக்கில் பேசாதவன் அன்றைக்கு ஒரே ஒரு பேச்சுப் பேசினான்.

"ஊரு பாத்தது பத்தாதா? ஜட்ஜு ஒருத்தன் பாக்கலன்னு கொறையா?"

அவன் போகவில்லை. இப்போது வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக் கிடங்கில் காவலுக்கு இருக்கிறான். கோடையிலும் முழுக்கைச் சட்டைதான். சோறு போட்டால் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவான். அந்தப் படம் வேறு ஊர்களுக்கும் போவதாகக் கேள்வி. அவளுக்கு ஒரு சான்றிதழ் தபாலில் வந்தது. ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.

போன வாரம் கொட்டகையில் இறால் கூடைக்காகக் காத்திருந்தபோது ரஹீமுன்னிசா கேட்டாள்: "நாந்தான் உன்ன இஸ்துகினு போனேன். அந்தப் படத்த எடுக்காமலே இருந்திருக்கலாம்னு உனக்குத் தோணுதாடி?"

பட்டம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டே சொன்னாள்: "தோணிச்சின்னா அவரு கால்ல உழுந்திருப்பேன்க்கா. தோணலியே. படம் நல்லா வந்துருச்சி. அதான் பேஜாரா கீது."

கூடை வந்தது. இருவரும் குந்தி, முதல் இறாலின் தலையைக் கிள்ளினார்கள்.