அந்தக் கால் மணி நேரம்

எனக்கு வாய் நீளம் என்று தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலேசியாவில் எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களுக்குத் தேநீர் விற்கும் கடையில் எனக்கு வேலை. நாலு மொழியில் விலை சொல்வேன், நாலிலும் வம்பளப்பேன். "வாயுள்ள புள்ள பொழைச்சுக்கும்" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்வாள். சொல்லிவிட்டு என் தங்கச்சியைப் பார்ப்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

தங்கச்சிக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது காதும் போய்விட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோருக்கும் அவள் 'ஊமைப் பொண்ணு'. அவளா ஊமை? அவள் சிரித்தால் அடுத்த லயத்து நாய் குரைக்கும்.

வீட்டில் நாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட சைகைகள் கொஞ்சம் இருந்தன. காதில் பேனா செருகிக் காட்டினால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. தலையில் தொப்பி வைத்தால் தோட்டத்தை நடத்தும் துரை. பின்னலைப் பிடித்து இழுத்தால் நான். அவளுக்குக் கன்னக்குழி விழும். அதனால் கன்னத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினால் அவள். அது அப்பா வைத்த பெயர். கொழுந்து வெட்டிக்கொண்டு சரிவில் நிற்கும்போதுகூட, அவள் திரும்பிப் பார்த்தால் கன்னத்தில் விரல் வைத்துக் கூப்பிடுவார். பனிமூட்டம் இறங்கினால் அதுவும் நடக்காது. நாங்கள் பனிக்குள் கத்திப் பேசிக்கொள்வோம். அவள் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஏழு வயதில் அவளை மலைக்குக் கீழே ஈப்போ நகரில் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தோம். முதல் விடுமுறைக்கு வந்தபோது அவள் கைகளே மாறியிருந்தன. அது மலேசிய சைகை மொழி. மலாய் மொழியைக் கையால் எழுதிக் காட்டுவது என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, அதற்கென்று தனி ஒழுங்கு இருக்கிறது. கை மட்டுமில்லை, புருவமும் தோளும் சேர்ந்துதான் பேச்சு. எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆசையாக உட்கார்ந்தாள். அப்பா பத்துப் பன்னிரண்டு கற்றுக்கொண்டார். நான் 'தண்ணீர்', 'சாப்பாடு' இரண்டோடு எழுந்துவிட்டேன். எனக்குப் பேசவே நேரம் போதவில்லை, இதற்கு எங்கே போவது?

சாப்பிடும்போது நாங்கள் எதற்காவது சிரிப்போம். அவள் என் கையைத் தட்டி, என்ன என்று கேட்பாள். நான் உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேரே காட்டி இரண்டு முறை ஆட்டுவேன். இரு, அப்புறம் சொல்கிறேன். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. வந்திருக்கலாம். பாவி நான், வரவிடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா மலைமேல் தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா செத்துப்போய் ரொம்ப நாளாகியிருந்தது. தங்கச்சி ஈப்போவில் ரொட்டிக் கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தாள். நாலு நாளாகக் கண்ணையே திறக்காத அப்பா, அன்று சாயங்காலம் அவளைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தார். மூச்சு வாங்க வாங்கப் பேசினார். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதே என்று நான் அவர் வாயருகே காதை வைத்துக் குனிந்து, கண்ணையும் மூடிக்கொண்டேன். தங்கச்சி என் சட்டையை இழுத்தாள். பார்க்காமலே கையைத் தூக்கி ஆட்டினேன். மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் ஆட்டினேன். மறுநாள் விடியும்போது அப்பா இல்லை.

சாவு வீட்டில், அப்பா என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். பந்தல்காரன் நிற்கிறான், அப்புறம் என்றேன். ஆனால் பிரிஞ்சாங்கில் இருந்து வந்த அத்தைக்குச் சொல்ல நேரம் இருந்தது. திரிங்காப்பில் இருக்கும் மாமாவுக்கு போனில் சொன்னேன். பக்கத்து வீட்டில் சொன்னேன். "கடைசியா என்னா சொன்னாரு உங்கப்பா?" என்று வந்தவரெல்லாம் கேட்க, வந்தவருக்கெல்லாம் அழுது அழுது சொன்னேன்.

கருமாதி முடிந்த அன்று அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். எனக்குத் தெரிந்த சைகையில் சொன்னேன்: அப்பா, நீ, நல்லது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். நாலு மணியில் விரலை வைத்து நாலேகால் வரை மெதுவாக நகர்த்தினாள். பிறகு மூன்று விரலைக் காட்டினாள். கால் மணி நேரம் பேசியதற்கு மூன்றே சொல்லா?

"இரும்மா, அப்புறம்..." என்று என் கை எழுந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு மலைக்கு வரவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவில் சைகை வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு, அவளுக்குத் தெரியாமல் சேர்ந்தேன். ஆசிரியைக்கும் காது கேட்காது. முதல் நாளே என்னைப் பார்த்து பலகையில் 'தூத்தூப் மூலூட்' என்று மலாயில் எழுதினார். வாயை மூடு. நாற்பத்தாறு வருஷமாக யாராலும் முடியாத காரியம்! வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில் கைவிரலை மடக்கி நீட்டிப் பழகுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போவார்கள். எட்டு மாதம் விடாமல் போனேன். அப்பா சொன்னதை அவளிடம் சொல்லிவிட வேண்டும், அது ஒன்றுதான் மனசில் இருந்தது.

எட்டாவது மாதம் ஆசிரியை எங்கள் வகுப்பைக் காது கேளாதோர் கூடுகைக்கு அழைத்துப் போனார். எல்லா விளக்கும் எரியும் ஒரு மண்டபம். எல்லோருக்கும் எல்லோர் கையும் தெரிய வேண்டும் என்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கவனிக்கச் சொல்ல விளக்கை அணைத்து ஏற்றினார்கள். கை தட்டவில்லை, இரண்டு கையையும் தூக்கி அசைத்தார்கள். அங்கே தங்கச்சி இருந்தாள். நான் கையால், 'கற்றுக்கொள்கிறேன், எட்டு மாதம்' என்றேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை இழுத்துக்கொண்டு போய்த் தோழிகளிடம் அறிமுகம் செய்தாள்.

அவர்கள் உலகத்தில் நாமாகச் சைகைப் பெயர் வைத்துக்கொள்ள முடியாது. அவர்கள் வைப்பதுதான் பெயர். பின்னலை இழுத்துக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் உள்ளங்கையை நீட்டி இரண்டு முறை ஆட்டினாள்.

தோழிகள் சிரித்தார்கள். கேலி இல்லை, தெரிந்த ஆளைப் பார்த்த சிரிப்பு. எங்கள் வீட்டிலும் இந்தப் பெயரில் ஒருத்தி இருக்கிறாள் என்றாள் ஒருத்தி. என் அம்மா என்றாள் இன்னொருத்தி. நானும் சிரித்தேன்.

தங்கச்சி என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் எதிரே உட்காரவைத்தாள். 'இப்போது சொல்' என்றாள்.

கையைத் தூக்கினேன். தேவையான சொற்கள் கையில் இருந்தன. அப்பாதான் இல்லை. அத்தைக்கு ஒரு மாதிரி, மாமாவுக்கு ஒரு மாதிரி, அழுகை வருகிற இடத்தில் கொஞ்சம் கூட்டி, மறந்த இடத்தை இட்டு நிரப்பி, சொல்லிச் சொல்லியே அவர் பேச்சைத் தேய்த்துவிட்டேன். எது அவர் சொன்னது, எது நான் சேர்த்தது என்று எனக்கே தெரியவில்லை. அதை அப்படியே சொன்னேன், அவளிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

அவள், அன்று ஆஸ்பத்திரியில் தான் பார்த்ததைச் சொன்னாள். அப்பா இரண்டு முறை ஜன்னலைப் பார்த்தார். ஒருமுறை அழுதார். அவள் கையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். நடுவில் மூன்று முறை கையை விடுவித்து, நடுங்க நடுங்கத் தன் கன்னத்தில் விரலை வைத்து அழுத்தினார். மூன்று முறை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கண்ணை மூடியிருந்த நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

'மூன்றாவது முறை கூப்பிட்டதும் நீ அழுதாய்' என்றாள். 'அப்போது அப்பா என்ன சொன்னார்?'

எனக்கு ஞாபகம் இல்லை. உள்ளங்கை தானாகவே எழப் பார்த்தது. மற்றொரு கையால் அதை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.