இத்தா நாட்களில் ராத்தா எடுத்த கணித வகுப்பு

எங்கள் ராத்தா எங்களைப் பிரிந்து ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் ஸலாம் கூறி, தங்கையாகிய நான் பக்கத்திலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

ராத்தா பிறந்தது மட்டக்குளியில். வாப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் ராத்தா. உம்மா சுகமில்லாமல் படுத்திருந்த காலத்தில் எங்கள் நால்வருக்கும் தலைவாரிவிட்டுத்தான் அவர் படிக்கப் போவார். கொட்டாஞ்சேனையில் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியையானார். திருமணமாகி வெள்ளவத்தைக்கு வந்த பின்னும் அந்தப் பாடசாலையை விடவில்லை. சுபஹ் தொழுது, இரண்டு மகள்மாருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்து, இரண்டு பஸ் மாறிப் போய் வந்தார்.

ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், நெஞ்சுவலியில் திடீரென மௌத்தானபோது ராத்தாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடிருக்கும் இத்தாவுக்கு அரசாங்கமே விடுமுறை தருகிறது. ராத்தாவும் எடுத்தார். ஆனால் அவரிடம் படித்த பிள்ளைகளின் சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்கு மூன்று மாதமே இருந்தது. அந்தப் பாடசாலையில் வேறு கணித ஆசிரியர் இல்லை.

இரண்டாம் வாரம், அவருடன் படிப்பித்த கத்தோலிக்க ஆசிரியை ஒருவர் ஒரு கட்டுக் கொப்பிகளோடு வந்தார்.

"உங்களை வரச் சொல்லி நான் வரேல்லை டீச்சர். பிள்ளையள் செய்ததை ஒருக்காப் பாருங்கோ."

பாதியில் விட்ட கணக்குகளே அதிகம். அன்று அஸர் தொழுத பாயிலிருந்தபடியே ராத்தா என்னிடம் கேட்டார்:

"தங்கச்சி, நான் பிள்ளைகளுக்காகத்தான் போக நெனக்கிறனா? இல்லாட்டி இந்த வீட்டில அவர் இல்லாததப் பாக்க ஏலாம ஓடப் பாக்கிறனா?"

"ரெண்டும் ஈக்கும் ராத்தா" என்றேன்.

தெஹிவளையில் பெண்களுக்கு மார்க்கம் கற்பிக்கும் ஆலிமா ஒருவரிடம் ராத்தா தொலைபேசியில் நெடுநேரம் கேட்டார். தேவைக்குப் பகலில் போகலாம், இரவைக் கணவனின் வீட்டில் கழிக்க வேண்டும் என்றார் ஆலிமா. செய்தி அறிந்த எங்கள் மாமா, உம்மாவின் தம்பி, மறுநாளே வந்தார்.

"சர்க்காரே லீவு தருது. இத்தாவ வெளயாட்டா நெனச்சியா? ஊர் என்ன சொல்லும்?"

"வெளயாட்டில்ல மாமா. நகை போடல்ல, அத்தர் பூசல்ல, மஃரிபுக்கு முந்தி வீட்டுக்கு வந்திருவேன். அல்லாஹ் தொறந்து வச்ச வாசல நீங்க ஏன் மாமா மூடுறீங்க?"

மாமா தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்.

முதல் நாள் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் ராத்தா அழுதுகொண்டே வந்தார். வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். கடைசியில் ஒருத்தி, "டீச்சர், முக்கோணக் கணக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றாள். மச்சான் போன பிறகு ராத்தா சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அந்த வகுப்பில் எல்லோரும் கணிதத்தில் சித்தியடையவில்லை. ஆனால் யாரும் எதிர்பாராத பலர் சித்தியடைந்தார்கள்.

அதன்பின் கணவனை இழந்த பெண்கள் ராத்தாவைத் தேடி வரத் தொடங்கினார்கள். இத்தாவில் கிளினிக் போகலாமா, கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். "நான் ஆலிமா இல்ல, வாங்க சேர்ந்து கேப்போம்" என்று கூட்டிப் போவார். வீட்டிலேயே இருக்க விரும்பியவர்களிடம், "அதுதான் ஆறுதல் எண்டா இருங்க. ஆருக்காகவும் வெளிய வர வேணாம்" என்பார்.

சில வருடங்களில் மாமாவின் மகளும் கணவனை இழந்தார். அவர் வைத்தியசாலையில் தாதி. மாமா ராத்தாவின் வீட்டு வாசலில் வந்து நின்று அவரிடம் கேட்டார்: "மகள், இவள் வேலைக்குப் போகணும் எண்டு அழுறாள். அந்த ஆலிமாட நம்பர் ஈக்கா?" ராத்தா பழைய பேச்சை எடுக்கவில்லை. தாமே அவளை ஆலிமாவிடம் அழைத்துப் போனார்.

கடைசி இரண்டு வருடங்கள் சிறுநீரக நோய் அவரை வாட்டியது. கதிரையில் அமர்ந்து தொழுதார். மூத்த மகளின் பட்டமளிப்பைக் கண்ணால் கண்டுவிட்டே போனார்.

வைத்தியசாலைக்கு அவரோடு அலைந்த அயலவர்களுக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து வாரம் தவறாமல் வந்த அந்த ஆசிரியைக்கும் எங்கள் நன்றி. ராத்தா மௌத்தான அன்று அவரைக் குளிப்பாட்டிய பெண்களில் இருவர் அவரிடம் படித்தவர்கள். "டீச்சர், டீச்சர்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார்கள். அந்தக் கைகளுக்கு நாங்கள் என்ன சொல்ல!

ராத்தாவின் மறுமைக்காகக் கையேந்துங்கள். அப்படியே, தான் செய்யப்போவது சரிதானா என்று தவித்துக்கொண்டு இன்று எங்கோ தனியே இருக்கும் ஒரு பெண்ணுக்காகவும் கேளுங்கள்.