பத்து நிமிடம் முந்திய சர்வர்

செங்கல்பட்டில் நான் கணினி பார்க்கும் ஆஸ்பத்திரியும் கடப்பாக்கத்துச் சின்ன கிளினிக்கும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்துவிட்டன. கணினிகள் மட்டும் சேரவில்லை. இரண்டும் தனித்தனி டொமைன், அதாவது தனக்கென்று ஆள் பட்டியல் வைத்திருக்கும் தனித்தனி கணினிக் குடும்பம். ஒன்றின் ஆளை மற்றதற்கு அடையாளம் தெரியாது. சம்பந்தி வீடுகள் மாதிரிதான். உறவாகிவிட்டாலும் அடுத்தவர் அடுப்பங்கரைக்குள் சட்டென்று நுழைய மாட்டார்கள். அந்த டொமைன் சொல்லும் ஆளை இந்த டொமைன் நம்பட்டும் என்று ஏற்பாடு செய்வது என் வேலை. செய்துவிட்டு, மறுநாள் காலை கடப்பாக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

ஜன்னலில் கடல் காற்று வந்துகொண்டே இருந்தது. அந்தக் காற்றில் எந்த வேலையும் அவசரமாகத் தோன்றாது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கலாம். காயும் வலை, உப்பங்கழி, அதற்கப்பால் இடிந்த கோட்டைச் சுவர், எல்லாம் வெயிலில் மெல்ல அசைந்தன. நானும் அசைந்துகொண்டிருந்தேனோ என்னவோ.

வெளியே பெஞ்சில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். மூன்று வாரம் முன்பு செங்கல்பட்டில் எடுத்த ஸ்கேனில், குழந்தைக்கு வளர்ச்சி போதவில்லை என்றிருந்தார்கள். இன்று இங்கே மறுபடி எடுத்தாயிற்று. பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் வளர்ந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். கிளினிக் டாக்டரம்மா போனில் அளவு கேட்டுத் திருப்தியாகிறவர் இல்லை. படத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். படமோ செங்கல்பட்டு சர்வரில்.

திறக்கவில்லை. பெயர் சரி, பாஸ்வேர்டு சரி, அனுமதி சரி. ஆனாலும் உள்ளே விடமாட்டேன் என்கிறது. மணி பதினொன்றானது. எனக்கு மண்டை சூடாகிவிட்டது. வரவேற்பில் இருந்த அக்காவிடம் எகிறினேன்.

"யாருக்கா இந்த சர்வர்ல கை வெச்சது?"

"நா இன்னாத்துக்கு சார் அத்தத் தொடப்போறேன்? போன வருசம் நீங்கதான டைம மாத்திக் குட்த்துட்டுப் போனீங்க!"

அப்போதுதான் நினைவு வந்தது. போன வருடமும் இந்தக் கிளினிக்குக்கு நான்தான் அவ்வப்போது வந்து கணினி பார்த்துக் கொடுத்தேன். கிளினிக்கில் எல்லோருக்கும் மத்தியான பஸ் தவறிக்கொண்டே இருந்தது. கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி இதே அக்கா கேட்க, நானும் சிரித்துக்கொண்டே சர்வரிலேயே தள்ளி வைத்தேன். எல்லாக் கணினியும் அதைப் பார்த்து ஓடும். தனியாக இருந்தவரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒன்றையொன்று நம்பும் டொமைன்களின் கடிகாரங்களுக்கு இடையே ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் போதும், வருகிறவனைச் சந்தேகித்துத் திருப்பி அனுப்பிவிடும். காலை முழுக்க, செங்கல்பட்டுக்கு இன்னும் வராத நேரத்தில் நின்றுகொண்டு நாங்கள் கதவைத் தட்டியிருக்கிறோம்.

நேரத்தைத் திருத்தினேன். சாம்பல் நிறத்தில் பழைய படம் விரிந்தது. டாக்டரம்மா இரண்டையும் வைத்து அளந்தார், திரும்ப அளந்தார். எழுந்து வெளியே போய், "நல்லா வளர்ந்திருக்கும்மா" என்றார்.

அவள் புடவைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"காலைலருந்து குந்திகினு கீறேன். இன்னா சார் ஆச்சு?"

மெஷின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வாய் வரவில்லை.

"தப்பு என்னுதும்மா. நேரத்த நான்தான் மாத்தி வெச்சேன். மன்னிச்சுக்க."

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வுடு சார். நீ தொறக்காட்டியும் அது வளர்ந்துகினுதான இருந்துது."