மேசைக்குக் கீழே பூனை

நான் வேலை செய்யும் இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டுக்குத் தரை துடைக்கும் துணி வாங்கச் சீனர் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் கடைக்காரியின் மகள் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். கைபேசி முதலில் சீனத்தில் ஏதோ சொன்னது. பிறகு ஆங்கிலத்தில், "த கேட் இஸ் அண்டர் த டேபிள்" என்றது. சிறுமியும் அதையே உரக்கச் சொன்னாள்.

போர்க்காலத்தில் மன்னாரில், குண்டுக்குப் பதுங்க முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் இருந்து நாங்களும் இதையேதான் கத்துவோம். உள்ளே ஈர மண்ணும் மண்ணெண்ணெயும் மணக்கும். விமான இரைச்சல் கேட்டதும் அம்மா, "இங்கிலிஷைச் சொல்லுங்கோ, பெலத்துச் சொல்லுங்கோ" என்பார். குண்டுச் சத்தம் நாலு வயதுத் தம்பிக்குக் கேட்டுவிடக் கூடாது. அக்கா தொடங்குவாள், நான் சேர்ந்துகொள்வேன். "பூனை மேசைக்குக் கீழை இருக்குதடா" என்று அக்கா அர்த்தம் சொன்னதும் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஒரு நாள் அவன் சிரிக்கவில்லை. "எங்கடை பூனை வீட்டுக்குள்ளையெல்லே இருக்கு? தூக்கிக்கொண்டு வாறன்" என்றான். அம்மா கையை நீட்டுவதற்குள் படியேறி ஓடிவிட்டான்.

புகை அடங்கியபோது பாதி வீடுதான் நின்றது. பூனை மேசைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. தம்பி வாசல்வரைகூடப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

பிறகு எத்தனையோ முறை விமானம் வந்தது. அம்மா எங்களை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. எல்லாச் சத்தத்தையும் கேட்டபடி இருந்தோம்.

"வேர் இஸ் த கேட்?" என்று கைபேசி கேட்டது. சிறுமிக்குப் பதில் மறந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா?" என்று இத்தாலியனில் கேட்டாள்.

"ஓம்" என்றேன். அது தமிழில் வந்துவிட்டது.